அந்த ‘அவர்’ யார்

டெட்சா,
7 மார்ச் 1998

அன்புள்ள ஃபட்சானி,

நீயும் மகள் அலினாஃபெயும் சுகமா? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் என் தம்பி யாமிகானியைப் பார்த்தேன். மக்காச்சோளக் கிடங்கில் மூட்டை தூக்கும் சைடியின் மண்டையை உடைத்தது அவன்தானாம். சைடிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. ஆதாரம் கேட்டேன். நீ ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார்கள்.

“முதலாளி சிகோபா, கணக்கர் யாமிகானியைத் தள்ளினார். சைடி விலக்க வந்தபோது அவர் இரும்புக் கம்பியால் அடித்தார்.”

அந்த ‘அவர்’ யார் ஃபட்சானி? “தள்ளு வாங்கினவன்தாம்மா கோவத்துல அடிச்சிருப்பான்” என்கிறார் அதிகாரி. நம் மொழியில் சொல்லியிருந்தால் முதலாளிக்குத் தரும் மரியாதையிலேயே ஆள் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். நீ கண்ணால் பார்த்தவள். ஒரு வரி திருத்திக் கொடுத்துவிடு.

உன்
ஸியோனே


சிலுண்டு,
16 மார்ச் 1998

அன்புள்ள ஸியோனே,

இதைப் படித்ததும் எரித்துவிடு. அடித்தது சிகோபா. என் உடுப்பெல்லாம் சைடியின் ரத்தமாக இருக்க, உட்கார்ந்து எழுதியது அந்த வரி. எழுதும்போது, ‘அவர்’ யார் என்று யாருக்கும் சந்தேகம் வராது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை சிகோபா ஒரு கூடை சம்போ மீனோடு வீட்டுக்கு வந்தார். “டீச்சர், நீங்க எழுதினது ரொம்ப நல்லாருக்கு. ஒரு எழுத்தையும் தொட்டுடாதீங்க” என்றார். பிறகு அலினாஃபெயைக் கூப்பிட்டு, “பாப்பா, ஸ்கூல் விட்டு எந்த வழியா வருவ?” என்று கேட்டார்.

“கரும்புக்காட்டு வழியா, மாமா.”

“தனியாவா?”

“ம்.”

அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த மீனைச் சமைக்கவும் முடியவில்லை, எறியவும் பயமாக இருந்தது. யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால்?

நான் எழுதியதில் பொய் இல்லை. அது அப்படியே இருக்கட்டும். என்னை விட்டுவிடு.

ஃபட்சானி


டெட்சா,
27 மார்ச் 1998

ஃபட்சானி,

திங்கட்கிழமை சைடி போய்விட்டார். இப்போது கொலை வழக்கு. தம்பி சாப்பிடுவதே இல்லை. “அக்கா, தூக்குல போட்டுருவாங்களா?” என்று மட்டும் கேட்கிறான்.

உன் பிள்ளையைப் பணயம் வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பொய் இல்லை என்று மட்டும் எனக்கு எழுதாதே. கல்லூரியில் நான், “ஜன்னல் வழியாக மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தேன்” என்று எழுதியபோது, “ஆடு ஏண்டி ஜன்னல் வழியா மேயுது?” என்று விடுதி முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நீ. எந்தச் சொல் எதைத் தொட்டு நிற்கிறது என்று உனக்குத் தெரியாதா?

ஏப்ரல் ஆறாம் தேதி விசாரணை. நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். உன் இஷ்டம்.

ஸியோனே


ஏப்ரல் 1998

ஸியோனே,

சொன்னபடி நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நடந்ததையெல்லாம் காதால் கேட்டிருப்பாய். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

“இதுல அவர்னா யாரு?” என்று நீதிபதி கேட்டார். சிகோபா என்னைப் பார்த்துச் சிரித்தார். கம்பியை எடுத்தவர் சிகோபா, அடித்தவர் சிகோபா என்று இரண்டு தடவையும் பெயரைச் சொன்னேன்.

“ஒரு மாசமா சும்மா இருந்துட்டு இப்ப என்ன புதுசா?” என்றார் அவருடைய வக்கீல்.

“பயந்துட்டேன். இப்பவும் பயந்துக்கிட்டேதான் சொல்றேன்” என்றேன். அது உனக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகத்தான் குரல் வந்தது.

சிகோபாவைப் போலீஸ் பிடித்துக் கொண்டுபோனதும் நீ தம்பியிடம் ஓடினாய். நான் வெளியே வந்தேன். வராந்தாவில் சிகோபாவின் அண்ணன் பக்கத்தில் வந்து, “பாப்பா எங்க டீச்சர்?” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அலினாஃபெயை முதல் நாளே அம்மாவிடம் அனுப்பியிருந்தேன். நேராக அங்கே போய் அவளை அழைத்துக்கொண்டு, கிடைத்த லாரியில் ஏறிவிட்டேன்.

யாமிகானி வீட்டுக்கு வந்திருப்பான். அவனைச் சாப்பிட வை. நன்றி சொல்கிறேன் என்று என்னைத் தேட விடாதே. நீயும் தேடாதே. இங்கே வாசலில் வண்டி நின்றால் இன்னமும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறேன். அவள், “மூச்சு முட்டுதும்மா” என்கிறாள்.

ஊர் எழுதவில்லை. பெயரும் எழுதப் போவதில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும்.