கோயில் வாசலில் கேட்ட சத்தியம்

அன்பு மகள் ஹரிணிக்கு அம்மா எழுதுவது. இலுப்பூரில் நானும் இரண்டு மாடுகளும் நலம். பெங்களூரில் நீ நலமில்லை என்பது உன் மெசேஜிலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிட்டு வைத்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் இன்றே கூரியரில் போடுகிறேன், முழுவதும் படி.

டெல்லியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குக் கிடைத்த எம்.டெக். சீட் வேண்டாம், அடுத்த வெள்ளிக்கு ஊருக்கு வந்து பெரியப்பா சொன்னபடி செய்துவிடுகிறேன், உன்னையாவது நிம்மதியாக விடட்டும் என்று எழுதியிருக்கிறாய். என் நிம்மதிக்காகப் படிப்பை விடு என்று நான் உன்னைக் கேட்டேனா? வைகாசியில் குலசாமி படைப்பன்று நடந்ததை நானும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். நம் பங்காளிகள் எல்லாருக்கும் குலசாமி பெயர்தான் பாஸ்வேர்டு, சாமியே காவல் இருக்கும் என்று நினைப்பு. ஊருக்கே தெரிந்த பெயரை வைத்தால் எவனும் திறப்பான் என்று நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். உன் ரெங்கசாமி பெரியப்பாதான் போனை நீட்டி, பெரிய கம்ப்யூட்டர் போலீசு, எங்க, தொறந்து காட்டு பாப்போம் என்றார். சாமி பெயரைத் தட்டினாய், திறந்தது, பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை, சாயங்காலத்துக்குள் நீ திருடி ஆகிவிட்டாய். அவர் மகன் எழிலரசன் இதைச் செய்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் ஃபிளக்ஸ் வைத்திருப்பார்கள். பொட்டப்புள்ளைக்குப் பூட்டு ஒடைக்கிற படிப்பு எதுக்கு, இவளை எவன் கட்டுவான் என்று இப்போது கவலைப்படுகிறவர்கள், உன் அப்பா செத்தபோது உனக்கு யார் ஃபீஸ் கட்டுவார்கள் என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

நீ கோயில் வாசலில் சூடம் அணைத்து, இந்தப் படிப்பைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் நம் வீட்டுக் கோயில் வரியை வாங்க மாட்டார்களாம். வரி வாங்காவிட்டால் நாம் பங்காளி இல்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்ல மாட்டார்கள். அப்பா போனதும் ஆம்பளை இல்லாத வீடு என்று வரிக் கணக்கில் நம்மைப் பாதிக் குடும்பமாக, அரைத் தலைக்கட்டு ஆக்கினார்கள், அந்த அரையைத்தான் இப்போது பிடுங்கப் போகிறார்களாம். நாற்று நட்டதையும் உன்னைப் படிக்கவைத்ததையும் நான் பாதியாகவா செய்தேன்?

உனக்கு இது நேற்று முளைத்த ஆசை இல்லை. அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் நம்பர் பூட்டை அவர் குளித்துவிட்டு வருவதற்குள் திறந்துவைத்தாய், அப்போது உனக்கு ஒன்றாம் வகுப்பு. நான் கையை ஓங்கினேன். அவர்தான் அடிக்காதடி, நல்ல பூட்டு செய்யிறவனுக்கு இப்புடி ஒரு ஆளு வேணும் என்று தடுத்தார். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைக் கண்டாலும் உள்ளே எப்படிப் போவது, போகவிடாமல் எப்படித் தடுப்பது என்றே வாத்தியார்களைக் குடைந்தாய்.

போன வாரம் அதே பெரியப்பா வீட்டிலிருந்து செவந்தி பெரியம்மா கொல்லைப் பக்கமாக வந்தாள். வல்லி, பாஸ்வேர்டை எப்புடி மாத்துறதுன்னு ஒம் மகள்ட்ட கேட்டுச் சொல்லேன், ஒங்க மாமாதான் கேக்கச் சொன்னாக, கேக்கச் சொன்னதாச் சொல்ல வேணாம்னாக என்கிறாள். அவுகளையே வாசல் வழியா வரச் சொல்லுங்கக்கா என்றேன். இன்னும் வரவில்லை.

நேற்று ஆடி வெள்ளி, பங்காளிகள் கூடுகிறார்கள் என்று தெரிந்து கூப்பிடாமலே போனேன். எங்க ஒம் மக என்று உன் பெரியப்பா கேட்டார். சூடத்தை ஏத்துங்க என்றேன். உனக்குப் பதில் நான் செய்யப்போகிறேன் என்று நினைத்துத் தட்டு நிறையக் கொளுத்தினார்கள். எம் மக டெல்லிக்குப் போயி இதே படிப்பைத்தான் படிப்பா, இது சத்தியம் என்று உள்ளங்கையால் அணைத்தேன். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தைத் திரும்ப வாங்கு என்று சொல்ல அவர்கள் சாமியிடமே வழி இல்லை. இனி வரி வாங்குவதும் வாங்காததும் அவர்கள் பாடு. நீ சீட்டை விட்டால் பொய்ச் சத்தியம் செய்தவள் நான் ஆவேன், அதை மட்டும் நினைத்துக்கொள்.

அங்கே குளிருமாம், கம்பளி வாங்கிக்கொள், காலையில் சாப்பிடாமல் கிளாசுக்குப் போகாதே. நீ நன்றாகப் படித்து, யாருக்கும் குனியாமல், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். சாமி உன்னோடு டெல்லிக்கு வரட்டும், பங்காளிகளைப் பார்த்துப் பார்த்து அதற்கும் சலித்திருக்கும். அடுத்த வெள்ளி கழிந்து வரும் திங்கட்கிழமை காலேஜில் சேர வேண்டும், மறந்துவிடாதே. இந்தப் பக்கம் பஸ் ஏறி வந்தால் கதவு திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
சொர்ணவல்லி