போகப் போறவர்களின் சுவர்

இஞ்சாருங்கோ, நேற்று தொலைக்காட்சியில் பிரெஞ்சு நகரமான அவிஞோனின் பாப்பரசர் மாளிகையைக் காட்டினார்கள். "ஓடி வந்து பாருங்கோ" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நீங்கள் இல்லையென்பது நினைவுக்கு வந்தது.

அந்த மாளிகைக்குப் பக்கத்து உணவகத்தில் நீங்கள் கோப்பை கழுவிய காலம். ஒரு ஞாயிறு என்னை உள்ளே கூட்டிப்போனீர்கள். கோதிக் கூர்வளைவுகளும் கோட்டைபோன்ற மதிலுமாக வெளியே பயமாக இருந்தது. பாப்பரசரின் படுக்கையறையோ முழுக்க நீலம்; சுவரெல்லாம் கொடியும் குருவியும் அணிலும். ரோமில் இருக்க முடியாமல் வந்து கட்டியதாம். எழுபது வருடத்துக்குக் கிட்ட அந்த ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினார்களாம்.

"பாத்தீரே, பாப்பரசரே திரும்பிப் போயிட்டார். நாங்களும் போவம்" என்றீர்கள்.

"போறவை ஏனப்பா அணிலெல்லாம் கீறி வைச்சவை?"

"விசர்க்கதை கதையாதையும்."

உங்களிடம் பதில் இல்லாவிட்டால் நான்தான் விசரி. பின்னாளில் அங்கே படையினர் குடியிருந்து, ஓவியத்து முகங்களை வெட்டி விற்றதாக வழிகாட்டிப் பெண் சொன்னபோது, வெளியே போய்விட்டீர்கள். அப்போது ஊரில் எங்கள் வீட்டிலும் ஆமிப் படை குடியிருந்தது.

லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் சொந்த வீடு வாங்கியும் சுவரில் ஓர் ஆணி அடிக்க நீங்கள் விடவில்லை. "போகப் போற ஆக்களுக்கு ஆணி எதுக்கு?" கலியாணப் படமும் பிள்ளைகள் கீறிய படங்களும் சூட்கேசுக்குள்ளேயே கிடந்தன. ஆமி வீட்டை விட்டுப் போன பிறகும் எங்களால் போக முடியவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை என்றீர்கள், ஷிப்ட் என்றீர்கள், கடைசியில் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டே என்னை வாழவைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபிக்கவும் ஆளில்லாமல் போனதுதான் பெரிய துக்கம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முந்தின நாள், சனம் வந்து கும்பிடவேண்டுமென்று மகன் முன்னறைச் சுவரைத் துளைத்தான். அந்தச் சத்தத்துக்குள் நான் வாய்விட்டு அழுதேன். இத்தனை வருடத்தில் எங்கள் சுவரில் ஏறிய முதல் படம் உங்களுடையது.

மாலை போட்டுவிட்டு அவன் கேட்டான்: "அம்மா, நீங்கள் இனி ஊருக்குப் போய் இருக்கப் போறீங்களோ?"

"இல்லையப்பு. அப்பா இஞ்சையெல்லோ இருக்கிறார்" என்றேன்.