முகவைக்குள் இருந்த களம்

என் அன்பு அப்பா,

முள்ளியவளையில் அறுவடை தொடங்கிவிட்டது. மெசின் வயலுக்குள் இறங்கி, வெட்டி, அடித்து, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. நீங்கள் இருந்திருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டுகிறவரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு கதை. என் இரசாயன ஆய்வுகூடத்தில் நடந்தது.

உயர்தர வகுப்பில் துளசி என்றொரு பிள்ளை. வயல் செய்கிற வீடு. போன கிழமை கரைசல் தயாரிக்க, முகவையால், அதுதான் பீக்கரால், தண்ணீர் அள்ளி வாளிக்குள் ஊற்றினாள். சத்தமாக எண்ணச் சொன்னேன். "லாபம், ரெண்டு, மூண்டு..." என்று எண்ணினாள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை நீங்கள் ஒன்று என்று சொன்னதே இல்லையே, லாபம் என்றுதானே தொடங்குவீர்கள், அதே வழக்கம்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இஞ்ச என்ன, நெல்லே அளக்கிறாய்?" என்றான் ஒருவன்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தாள். "ரீச்சர், நான் கலைப்பிரிவுக்கு மாறப்போறன். இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது." கெட்டிக்காரி, அப்பா. வயல்காரருக்கு என்ற அர்த்தத்தில் அவள் சொன்ன அந்த 'எங்களுக்கு' என்னைச் சுட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. பீக்கருக்கு ஏன் முகவை என்று பெயர் வந்தது? இத்தனை வருடம் படிப்பித்தும் நான் யோசித்ததே இல்லை. அகராதியை எடுத்தேன். முகத்தல் என்றால் மொண்டு எடுத்தல். அது தெரியும். அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துத்தான் மலைத்துப்போனேன். களத்துக்கு வந்து நிற்பவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் நெல்லுக்கும் முகவை என்றுதான் பெயராம். களத்தில் பாடும் பாட்டு முகவைப்பாட்டாம். பழைய இலக்கியத்திலேயே இருக்கிறதாம்.

சூடு அடித்து நெல்லைப் பிரிக்கிற நாளில் வெறுங்கையோடு வந்தவர்களுக்குச் சுளகால் அள்ளிப் போடுவீர்களே, அதற்கு இப்படியொரு பெயர் இருந்தது உங்களுக்குத் தெரியுமா? பாடநூலுக்குச் சொல் தேடிய யாரோ ஒருவர் களத்தை நினைத்துத்தான் இதை எடுத்தாரா? இல்லை, சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டதா?

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. துளசி மட்டும் முகவையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப ரீச்சர், இந்தப் பாடத்துக்க எங்கட ஆக்களும் இருக்கினமோ?"

"ஓம் பிள்ளை. முந்தியே வந்திட்டினம்."

பிரிவு மாறுகிற கதையை அவள் பிறகு எடுக்கவில்லை. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பா, அவள் பரீட்சை மண்டபத்துக்குள் போகும்வரை நான் பக்கத்தில் நிற்பேன். இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது என்று சொல்லிக்கொண்டு என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் எழும்பிப் போக விடமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் நெல் விளைவித்துப் படிப்பித்த
மூத்த மகள்