அக்காவின் திருகாணி

பிப்ரவரி 4

என் வாலுத் தங்கைக்கு,

நேற்று உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, காலையில் சாப்பிடாமல்தான் வேலைக்கு ஓடுகிறாய். சொன்னால் கேட்கவா போகிறாய்? என் மாணவர்கள் முப்பத்தெட்டு பேருக்கும் திரும்பும் வழியெல்லாம் உங்கள் விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த பேச்சுதான். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் ஷிப்ட் முடிந்து யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று நீ சொன்னதை ஒருவன் நம்பவே இல்லை. "சும்மா பயமுறுத்துறாங்க மேடம்" என்றான்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நகையெல்லாம் கழற்றச் சொன்னாய் அல்லவா? என் வலது காதுத் திருகாணி இறுகிப்போய்க் கழலவில்லை. இரண்டு தோடும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஸ்கார்ஃபால் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது தோடு இருக்கிறது, அதன் திருகாணி இல்லை. தரை போடாத அந்த விமானத்துக்குள் குனிந்து குனிந்து பார்த்தேனே, அங்கே விழுந்திருக்குமோ?

அடுத்த மாதம் நீ பரிசோதகராகி, உனக்கென்று முத்திரை கிடைக்கப்போகிறது. ஒன்பது வருஷ உழைப்பு. யாரிடமும் சொல்லாமல் நீயே ஒரு தடவை தேடிப்பாரடி.

உன் அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

போனில் பேசினால் ஆத்திரத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்படியே மேலாளர் கையில் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்? பறக்கும்போது அது ஏதாவது கருவியில் சிக்கினால்? அதில் மனிதர்கள் ஏறுவார்கள். வேலையை நிறுத்தி, ஆறு பேர் கண்ணாடியும் டார்ச்சுமாக இரண்டு நாளாய்த் தேடுகிறார்கள். தங்கம் காந்தத்திலும் ஒட்டித் தொலையாது. இன்னும் கிடைக்கவில்லை.

என் முத்திரையை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். அழுதேன். உன் மேல் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பத்தெட்டு பேர் காதையும் பார்த்தவள், "அக்காதானே" என்று உன்னை மட்டும் விட்டேன் பார், என் மேலேயே வந்த அந்தக் கோபம்தான் தாங்கவில்லை.

வீட்டிலும் பஸ்ஸிலும் தேடு.

வாலு

பிப்ரவரி 11

என் கண்ணே,

கிடைத்துவிட்டது. ஸ்கார்ஃபின் ஓரத் தையலுக்குள் சிக்கியிருந்தது. உங்கள் விமானத்தில் விழவே இல்லை.

குப்பையில் எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக உன் முத்திரை போனதை எந்த முகத்தோடு உனக்குச் சொல்வது? ஆனால் அந்த ஆறு பேரும் தேடிக்கொண்டே இருப்பார்களே. கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் கூசுகிறது.

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

திருகாணி வந்தது. மேலாளர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வலது காதோடது இல்லைங்கறதுக்கு என்னம்மா அத்தாட்சி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த விமானத்தை மூட முடியாது.

குப்பையில் எறியாமல் அனுப்பினாயே, அது போதும். ஆறு மாதம் ஓடிப்போகும்.

வலது காதுக்கு எண்ணெய் விட்டாவது அதைக் கழற்றிக்கொண்டு திங்கட்கிழமை வா. காலையில் வா, சேர்ந்து சாப்பிடலாம். வாசலில் நான்தான் நிற்பேன். இந்தத் தடவை உன் காதைத்தான் முதலில் பார்ப்பேன்.

உன் வாலு