ஆறாம் காம்பராவுக்கு மேலே சாய்ந்த மரம்

மே 3, ஞாயிறு

காலை முழுக்கப் பனிமூட்டம். துவைத்த துணி அப்படியே ஈரம்.

என் வீட்டுக்காரரும் நானும் ஹட்டன் டவுனுக்கு. ஃபரீத் நானா கடைக்கு, மரம் ஏறச் சொல்லிவைத்த சாமான் வந்துவிட்டது. கையளவு இரும்பு. நடுவில் கயிறு போக வழி, பக்கத்தில் ஒரு பிடி. கூடவே இடுப்பு பெல்ட், காலை வைக்க ஒரு வளையக் கயிறு. காலை ஊன்றி எழுந்தால் சாமான் கயிற்றில் மேலே நகரும். உட்கார்ந்தால் கவ்விக்கொள்ளும். பிடியை அழுத்தினால் இறங்கலாம். கொழும்பில் மரம் வெட்டுகிறவர்கள் இதில்தான் ஏறுகிறார்களாம், நானா சொன்னார்.

பஸ்ஸில் அவர் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தார்.

பொங்கலுக்கு முந்திய வாரம் மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. பதிமூன்று வருடமாகத் தேயிலைத் தோட்டத்து மரமெல்லாம் ஏறியவர். வெட்டிய கிளையைக் கயிறு கட்டிக் கீழிருந்து இறக்குவது நான். இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ஒரு யூக்கலிப்டஸ். போன மழையில் வேரடி மண் போய், ஆறாம் காம்பரா வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பெருமழைக்கு முன் கிளைகளை இறக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வலப்பனையிலிருந்து வேறு ஆள் எடுக்கப்போவதாகக் தோட்ட வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார்.

மே 4, திங்கள்

தூறல். கொழுந்து குறைவு. அட்டை மட்டும் நிறைய.

வேலை முடிந்து கிரவுண்டுக்குப் பின்னால் இருக்கும் சவுக்கு மரத்தில் கயிறு போட்டோம். அவர் பெல்ட் கட்டினார். கால் நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உடம்பு இடது பக்கம் திரும்பியது. தலைக்கு மேல் கயிற்றைப் பிடிக்க அந்தக் கை வேண்டும். ஆறடி. அங்கேயே மெல்லச் சுற்றிக்கொண்டு தொங்கினார். பிறகு பிடியை அழுத்தி இறங்கினார்.

"சாமான் நல்லாத்தான் இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

எழுதவே வெட்கம். அவர் தொங்கியபோது அவரைப் பற்றி நினைக்கவில்லை நான். நானென்றால் காலை எப்படி வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 5, செவ்வாய்

மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடித்து நிற்கும்போதும் கண் மேலே மரங்களில்தான். எந்தக் கிளைக் கவட்டை தாங்கும், எது தாங்காது. கங்காணி இரண்டு தடவை ஏசினார். முற்றல் இலை பறித்துவிட்டேனாம்.

சோற்றுக்கு உப்புப் போட மறந்தேன். அவரும் கேட்காமல் சாப்பிட்டார்.

மே 6, புதன்

வெயில். அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் அரை நாளோடு வந்துவிட்டேன்.

எடுத்தது: பெல்ட், சாமான், கயிறு, அவருடைய பழைய கால்சட்டை. துணைக்கு ஆறாம் காம்பராப் பாக்கியம் அக்கா. மரம் விழுந்தால் அக்கா கூரைமேல்தான் விழும், அதனால் உடனே வந்தார்.

"நீ விழுந்தா நான் மொதல்ல யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அதே சவுக்கு மரத்தில் முதல் தடவை பம்பரம் மாதிரிச் சுற்றினேன். இரண்டாவது, முழங்கால் மரத்தில் இடித்தது. நாலாவது தடவை கவட்டை வரை. கை சும்மா பிடித்தால் போதும், தூக்குவதெல்லாம் கால்தான். கூடையோடு மேடு ஏறிய கால். மேலிருந்து பார்த்தால் லயத்துக் கூரைத் தகரங்கள் பறக்காமல் இருக்க வைத்த கல்லெல்லாம் எண்ணலாம் போல.

இறங்கும்போது பிடியை ஒரேயடியாக அமுக்கிவிட்டேன். நாலடி சடாரென்று. பயத்தில் கயிற்றைப் பிடித்து உள்ளங்கை உரிந்துபோனது.

மே 7, வியாழன்

கையைப் பார்த்துவிட்டார்.

"யாரக் கேட்டு ஏறுன?"

"யாரையும் கேக்கல."

நீ விழுந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தார். எனக்குள் நாலு மாதமாகக் கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"நீங்க விழுந்த அன்னைக்குக் கயிறு என் கையிலதான இருந்துச்சு. நான் விட லேட்டாயிருச்சுன்னுதான கிள ஒங்கள அடிச்சிச்சு?"

அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

"இல்ல. வெட்டு தப்பு. அவசரத்துல அடிவெட்டு போடாம நான் மேல் பக்கமா வெட்டிட்டேன். நீ சரியாத்தான் விட்ட." பிறகு, "இத நெனச்சுக்கிட்டா இருந்த இவ்வளவு நாளா?"

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கயிற்றை முழம் முழமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நீ ஏறு என்றார்.

மே 9, சனி

எழுத்து கோணல், உரிந்த கை இன்னும் ஆறவில்லை.

ஐந்தாம், ஆறாம் காம்பரா ஆட்களை வெளியே அனுப்பியாயிற்று. பனி இறங்கி, கயிறு நனைந்திருந்தது. யூக்கலிப்டஸில் முப்பதடிக்கு மேல் ஏறினேன். அவர் கிளைக்கயிற்றை மரத்தடியில் இரண்டு சுற்றுச் சுற்றி வலது கையில் பிடித்தார். கைவாள் என்னிடம். அடிவெட்டு முதலில், பிறகு மேல்வெட்டு. மூன்று கிளை. கடைசிக் கிளையின் நுனி ஒரு தகரத்தை வளைத்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை.

இறங்க முடியவில்லை. ஈரமும் பட்டைத்தூளும் சாமானுக்குள் போய்ப் பிடி அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். கீழே பார்த்தேன். அவருடைய வலது கை அடிமரத்தைப் பிடித்திருந்தது, ஏறப்போகிறவர் மாதிரி. ஏற முடியாது, அவருக்கும் தெரியும்.

அவர் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"பிடிய விடு. கால ஊன்றி எழும்பு. பாரம் போனதும் கயித்த ஆட்டி விடு. சரி. இப்ப உக்காரு. மெதுவா அமுக்கு."

நகர்ந்தது. ஒரு சாண். இன்னொரு சாண்.

தரைக்கு வந்ததும் தண்ணீர் ஓடும் கானுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் அக்கா முதலில் கேட்டது தகரத்தைப் பற்றி.

மே 10, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. படுத்தால் தொங்குகிற மாதிரியே இருக்கிறது, எழுந்து நடந்துகொண்டே இருந்தேன்.

கண்டாக்கு ஐயா வாசலுக்கு வந்தார். கீழ்ப் பிரிவில் ரோட்டோரம் இரண்டு மரமாம். யார் ஏறுவது என்று அவரைத்தான் கேட்டார். "அவதான். கயிறு நான் பாப்பேன்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

பின்னேரம் இருவரும் போய்ப் பார்த்தோம். இடதுபக்கத்து மரத்தை முதலில் செய்யலாம் என்றார். எனக்கு வலதுதான் முதலில் என்று பட்டது. சொல்லிவிட்டேன்.

"ஏன்?" என்றார்.

மரத்தைப் பற்றி என்னிடம் அவர் ஏன் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. வலது மரத்து அடியில் கறையான் மண் இருக்கிறது, மழைக்கு அது தாங்காது என்றேன். கல்லை எடுத்து அந்த மரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நானும் காதை வைத்தேன், உள்ளே பொள்ளலாகக் கேட்டது.

அதற்குள் மழை.