துணைக்கு யார் வருகிறார்கள்?

14-7-1970, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்குப் பிதாகரஸ் தேற்றம், மூன்றாவது முறை. மூன்றாவது முறையும் முழித்தார்கள். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால் தில்லியிலிருந்து கடிதம். எத்தியோப்பியாவில் கணக்கு டீச்சர் வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள்! செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் அடிஸ் அபாபாவில் இருக்க வேண்டுமாம்.

நாலு தடவை படித்தேன். முப்பத்தொரு வயதில் நான் போயிருக்கும் அதிக தூரம் ஸ்ரீரங்கம். அதுவும் பதினோரு பேரோடு.

அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை முடித்து வந்ததும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "துணைக்கு யார் வரா?"

யாருமில்லை என்றேன். "அப்போ எப்படிப் போவே?" என்று கடிதத்தை மடித்துப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அவர் வாயால் 'போ' என்று சொல்லாமல் நான் கிளம்ப மாட்டேன். அது அவருக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

22-7-1970, புதன்

துணை தேடும் படலம். காஞ்சிபுரத்தில் ஒருவர் ஆப்பிரிக்கா போகிறார் என்று அப்பா ஓடினார். விசாரித்தால் நைஜீரியா. "பக்கம்தானே?" என்கிறார்!

31-7-1970, வெள்ளி

இன்று காலையிலிருந்து வீட்டுக்குத் தூரம். நாளை மறுநாள் ஆடி அமாவாசை, ஊரே கோயிலில் இருக்கும். நான் கொல்லைப்புற அறையில். எனக்கென்று ஒரு தட்டு, தம்ளர், பாய். மூன்று நாள் யாரையும் தொடக்கூடாது. எத்தியோப்பியாவில் யார் இதையெல்லாம் கேட்கப்போகிறார்கள்?

1-8-1970, சனி

இன்று நடந்ததை என்னவென்று எழுத!

மத்தியானமே ஊர் நிரம்பிவிட்டது. ஆரணிப் பக்கத்திலிருந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ஜனம். வேண்டுதலுக்குக் கோயில் குளத்தில் கரைக்க எல்லார் கையிலும் வெல்லம். மூன்று மணி இருக்கும், வாசலில் டிக்கெட் கலெக்டர் துளசிராமன் குரல்.

"சாமி, டீச்சரம்மா கீறாங்களா? இந்தம்மா டேசன்லயே குந்திக்கினு கீது. சத்திரம் அல்லாம் ஃபுல்லு. இன்னா கேட்டாலும் புரியல, ஒரே பேஜாராப் போச்சு. டீச்சரம்மாதான் இங்கிலீஷ்ல பேசி இன்னா ஏதுன்னு கேக்கணும்."

கொல்லைக் கதவிடுக்கில் பார்த்தேன். வெள்ளைக்காரி. நாற்பது வயதிருக்கும். வெயிலில் வெந்து சிவந்த முகம், முதுகில் கித்தான் பை. பெயர் இங்கெர், டென்மார்க்கில் நர்ஸ். திருப்பதியிலிருந்து மெட்ராஸ் போகிறவள், எல்லாரும் இறங்குகிறார்களே, இதுதான் மெட்ராஸ் போலிருக்கிறது என்று இங்கே இறங்கிவிட்டாள். நான் உள்ளேயிருந்து கத்திக் கத்திக் கேட்டு அப்பாவுக்குச் சொன்னேன். "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

யாருமில்லையாம். பதினோரு மாதமாக யாருமில்லையாம்! துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், எல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும். தனியாக. அம்மாடி! கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"நம்ம பெருமாளே இந்த ஊருக்கு அதிதியா வந்து, எங்கே படுத்துக்கலாம்னு கேட்டவர்தான். இடம் கேட்டு வந்தவளைப் போன்னு சொல்லப்படாது" என்றார் அப்பா.

"அதுக்காக? ஆசாரம் தெரியாதவளை உள்ளே எங்கே படுக்க வைக்கறது?" இது அம்மா. கடைசியில் அம்மாவே வழி கண்டுபிடித்தாள். அவளையும் உள்ளே விட முடியாது, என்னையும் உள்ளே விட முடியாது. ஆகவே இரண்டு பேரும் கொல்லை அறையில்.

2-8-1970, ஞாயிறு

அம்மா எட்ட நின்று இரண்டு தட்டிலும் சாதம் போடுகிறாள். இங்கெர் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுகிறாள். இந்த அறை எதற்கென்று கேட்டாள். விளக்கினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பெண்களுக்கு மட்டும் ஓர் அறை, ஒரு ஆண்கூட வாசலை மிதிக்க மாட்டான், சாப்பாடு தேடி வருகிறது! பதினோரு மாதத்தில் நான் தாழ்ப்பாள் போடாமல் தூங்கியது இங்கேதான்."

சிரிப்பதா அழுவதா! பதினெட்டு வருஷமாக மாதம் மூன்று நாள் இந்த அறையைச் சபித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இது அரண்மனை.

பகல் முழுவதும் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டேன். பயமே கிடையாதா? உண்டாம், தினமும். பிறகு எப்படி? புது ஊரில் இறங்கியதும், உதவி செய்கிறேன் என்று தானாக ஓடி வருகிறவனைத் திரும்பிப் பார்க்க மாட்டாளாம். கையில் குழந்தையோடு இருக்கிற பெண், கடை போட்டிருக்கிற பெண், இப்படி ஒருத்தியை அவளே தேடிப் போய்க் கேட்பாளாம். பாஷை தெரிய வேண்டியதில்லையாம். பாஸ்போர்ட்டை எந்த மகான் கேட்டாலும் கொடுக்க மாட்டாளாம். பையிலிருந்து ஒரு மர ஆப்பு எடுத்துக் காட்டினாள். தாழ்ப்பாள் சரியில்லாத அறையில் கதவுக்கடியில் செருகிவிட்டுப் படுப்பாளாம்.

யாராவது தொந்தரவு கொடுத்ததுண்டா என்று கேட்டேன். ஒரு முறை. வழியில் போனவன் இல்லை. தனியாகப் போகாதே, நான் பத்திரமாகக் கொண்டுவிடுகிறேன் என்று கூட வந்தவன். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காலித் தம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் இன்று என்னைத் தொடக்கூடியவள் அவள் ஒருத்திதான், அவளைத் தொடக்கூடியவளும் நான்தான்.

3-8-1970, திங்கள்

விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஸ்டேஷன்வரை கூடப் போனேன். அமாவாசைக் கூட்டம் ஊர் திரும்புகிறது, பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. பெண்கள் பெட்டியைத் தேடி, பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது கிழவி அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்ன பெண் இவள்! பக்கத்து ஊர் செவ்வாப்பேட்டைக்குத் தனியாகப் போய்வந்தாலே எனக்கு வீட்டில் பத்துக் கேள்வி.

10-8-1970, திங்கள்

துணை கிடைத்துவிட்டது! அடுத்த தெரு ராமஸ்வாமி மாமாவுக்கு அடிஸ் அபாபாவில் ஜவுளிக் கம்பெனியில் வேலை. லீவு முடிந்து திரும்புகிறார். "என் பொண்ணாட்டமா அழைச்சிண்டு போறேன், கவலையை விடுங்கோ" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போயிட்டு வா பங்கஜம்" என்றார். சொல்லிவிட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கெர் சொன்னது எதுவும் நினைவுக்கே வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

30-8-1970, ஞாயிறு

அரக்கோணத்தில் பம்பாய் வண்டி. ஏறியதும் மாமா, "பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்றார். அப்பா, "கொடும்மா" என்றார். கொடுத்தேன்.

1-9-1970, செவ்வாய், பம்பாய்

ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

விமானம் நாளைக்கு. அதனால் பத்து மணிக்கு ஒரு லாட்ஜுக்குக் கூட்டிப் போனார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தற்செயலாக ரிஜிஸ்டரைப் பார்த்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்தார். ராமஸ்வாமி அண்ட் வைஃப். ரூம் ஒன்று.

என்ன மாமா இது என்று கேட்டேன். "ரெண்டு ரூம்னா கண்டபடி கேப்பான். உன் பாதுகாப்புக்குத்தான் அப்படி எழுதினேன். உள்ளே வா." தோளில் கையை வைத்தார். என் பாதுகாப்புக்காம்! வயசு அம்பத்தஞ்சு. நெத்தியிலே திருமண். அப்பா கையைப் பிடிச்சிண்டு சொன்னாரே, என் பொண்ணாட்டமான்னு! நான் மாட்டேன்னா என்ன பண்ணுவார்? பாஸ்போர்ட் அவர் பையிலே. நான் எங்கே போறது? யாரைத் தெரியும் எனக்கு?

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று இப்போதும் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே வார்த்தையில் அடக்குகிற குரல். "என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கோ!" அதையே திரும்ப இங்கிலீஷில் சொன்னேன். குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டான். மாடிப்படியில் வந்த இரண்டு பேர் நின்றார்கள். மாமா முகம் சாம்பல் பூத்துப் போயிற்று. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மேஜைமேல் வைத்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அடேயப்பா, என்ன ஊர்! எத்தனை பஸ்களோ, எத்தனை டாக்ஸிகளோ, எத்தனை லட்சம் ஜனமோ, ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. "எங்கே போகணும்?" என்று இந்தியில் ஒருவன் வந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒருத்தி எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தாள், மடியில் குழந்தை. அவள் முன்னால் போய் உட்கார்ந்து, "ஸ்டேஷன்" என்றேன். அதற்கு மேல் அழுகை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்து, இத்தனை வண்டிகளுக்கு நடுவே என்னை நடத்திக் கொண்டுவந்து, இந்த அறை வாசலில் விட்டு, இங்கிருக்கும் ஆயாவிடம் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் பாஷை என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. பெயர் கேட்கவில்லை.

2-9-1970, புதன், விமானத்தில்

மேகம் கீழே இருக்கிறது. கீழே! இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், விமானப் பணிப்பெண் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். மாமா எட்டு வரிசை முன்னால். நான் ஜன்னல் பக்கம். கேட்டால் கிடைக்கிறது.

7-9-1970, திங்கள், அடிஸ் அபாபா

அப்பாவுக்கு என்ன எழுதுவது? சௌக்கியமாக வந்து சேர்ந்தேன் என்று மட்டும் எழுதினால் நிம்மதியாக இருப்பார். மாமா அடுத்த வருஷம் இன்னொருத்திக்குத் துணை வருவார். உண்மையை எழுதினால், திரும்பி வா என்பார். இல்லை, நான்தான் ஏதோ... என்று நினைப்பாரோ? அப்பாவா? நினைப்பாரோ?

எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

11-10-1970, ஞாயிறு, டெஸ்ஸி

எனக்கு வேலை போட்டிருப்பது இந்த மலை ஊரில். நல்ல குளிர். இங்கேயும் பிதாகரஸுக்கு முழிக்கிறார்கள். அப்பாவிடமிருந்து பதில் இல்லை.

22-11-1970, ஞாயிறு

அம்மா எழுதியிருக்கிறாள். பசு கன்று போட்டிருக்கிறதாம். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. தப்புச் செய்துவிட்டேனோ?

17-1-1971, ஞாயிறு

அப்பா எழுதியிருக்கிறார். நாலு மாதத்தில் முதல் கடிதம். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செவ்வாப்பேட்டை கமலவல்லிக்கும் இங்கே வேலை கிடைத்திருக்கிறதாம், பிப்ரவரியில் வருகிறாளாம். அவள் தகப்பனார் துணை தேடித் தரச் சொல்லி அப்பாவிடம் வந்தாராம். அதற்கு மேல் அப்பா எழுதியது:

"தேடித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பம்பாய் ஸ்டேஷனில் பெண்கள் அறை எந்தப் பக்கம், விமான நிலையத்துக்கு எந்த பஸ், யாரைக் கேட்க வேண்டும், எல்லாம் விவரமாக எழுது. நானே கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறேன். ஒரு பெண் தனியாக எப்படிப் போவாள் என்று அவர் கேட்டார். என் பெண் போனாள் என்றேன்."

மூன்று பக்கம் எழுதியாகிவிட்டது. ஸ்டேஷன் படம் இன்னும் போட வேண்டும்.