விற்றுப்போனதாகச் சொன்ன செயின்

இஞ்சாருங்கோ,

இருந்தபோது உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இல்லாதபோதும் இப்படித்தான் கூப்பிட வருகிறது. அன்பு குறையவில்லை. கோபம்தான் கூடியிருக்கிறது. அதில் பாதி உங்கள் மேல்.

உங்கள் சைக்கிள் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துப் பாதிரியார் கப்பலேறும்போது உங்களிடம் விட்டுப்போன பழைய சைக்கிள். எங்கள் ஆட்களில் முதல் வாத்தியார் நீங்கள். முதல் சைக்கிளும் உங்களுடையது. அது எத்தனை பேரின் கண்ணில் குத்தியது என்று எனக்குத் தெரியும். பெரிய வீட்டுக்காரர்கள் இருக்கிற ஒடுங்கிய தெரு, அந்த ஒழுங்கை வந்ததும் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். தோள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒழுங்கை முடியும்வரை சைக்கிளை உருட்டிப் போவீர்கள். நாங்கள் யார் என்பதற்காக அவர்கள் போட்ட சட்டம் அது.

"ஏன் இறங்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு ஒழுங்கைதானே. ஏன் வீண் கரைச்சல்?" என்றீர்கள்.

ஒரு ஒழுங்கைதானா?

ஐப்பசி மழையோடு செயின் அறுந்தது. பழைய சைக்கிள், பெரிய கண்ணி வைத்த செயின். இப்போது வருகிற செயின்கள் அதன் பல்லில் பொருந்தாது. உரும்பிராய்ச் சந்திக் கடையில் மட்டும் அந்த மாதிரி ஒன்று ஆணியில் தொங்கியது. நீங்கள் கடைக்குள் ஏறாமல் வெளியே நின்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து, "வித்துப்போச்சாம்" என்றீர்கள்.

மறுநாள் சந்தைக்குப் போகும்போது பார்த்தேன். அதே ஆணி, அதே செயின். வந்து உங்களிடம் சொன்னேன். "எனக்கும் தெரியும்" என்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள்.

அந்த மாரி முழுவதும் நடந்தீர்கள். ஈர வேட்டியோடு பொழுதெல்லாம் நின்று படிப்பித்தீர்கள். இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது, நெஞ்சு அடைத்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதியா? அது சந்திக் கடையில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அந்தக் கடைக்காரர் எங்கள் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றார். உலகச் சண்டையால் கப்பல் வருவதில்லை, புதுச் சைக்கிள் இல்லை, பழசுக்குத்தான் இப்போது ஆலாய்ப் பறக்கிறார்கள். அவர் கையில் அந்தச் செயின் இருந்தது.

"இஞ்சை, உந்தச் சைக்கிளை வைச்சு நீ என்ன செய்யப்போறாய்? எனக்குத் தந்துவிடு. நான் செயினைப் பூட்டி எடுக்கிறன்."

"உது வித்துப்போச்செண்டல்லோ சொன்னியள்?"

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "உன்ரை மனுசனுக்குக் குடுத்தா ஊர் கதைக்கும். அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

"இப்ப என்னோடை கதைக்கிறதுக்கு ஊர் கதைக்காதோ? படலைப் பக்கம் இனி வராதையுங்கோ."

"இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிட" என்று துப்பிவிட்டுப் போனார். அதையும் செய்வேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

தம்பி இராசுவைக் கூட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். அங்கே ஒரு கடையில், "ஓம், உள்ளுக்குக் கிடக்கு, எடுத்துத் தாறன்" என்று எழும்பியவர், பாதி வழியில் திரும்பி, "நீங்கள் எவடம்? ஆரின்ரை ஆக்கள்?" என்றார். சொன்னோம். அவர் உள்ளே போகாமல் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். "அது வேறை ஆருக்கோ சொல்லி வைச்சது." இராசு கும்பிட்டு, "பரவாயில்லை ஐயா" என்றான். உங்கள் பழக்கம் அவனுக்கும் தொற்றியிருக்கிறது. எனக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

கடைசியில் சைக்கிளையே உருட்டிக்கொண்டு குருநகருக்குப் போனோம். அங்கே கோயிலுக்குப் பின்னால், படகு வேலையும் சைக்கிள் வேலையும் பார்க்கிற ஒருவர் அகப்பட்டார். அவர் ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. "எண்ணெய் காட்டாமல் இப்பிடியே வைச்சிருக்கிறது?" என்று எங்களை ஏசினார். உடைந்துகிடந்த இரண்டு பழைய சைக்கிள்களின் துண்டுச் செயின்களைக் கோத்து ஒன்றாக்கிப் பூட்டினார். நான் அழுதேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "வேலை கிடக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார்.

இராசு மிதித்தான். நான் குடையோடு பின்னால் கரியரில் இருந்தேன். பெரிய வீட்டுக்காரர்களின் அந்த ஒழுங்கை வந்ததும் அவன் காலை நிலத்தில் ஊன்றினான்.

"ஏன் நிப்பாட்டிறாய்?"

"அக்கா, எல்லாரும் நிக்கினம்."

"நிக்கட்டும். நீ மிதி."

"இறங்கடா!" என்று ஒரு குரல். பிறகு பல குரல்கள். ஒரு கல் என் முதுகில் விழுந்தது. ஒருவன் ஓடிவந்து கரியரைப் பிடித்தான். குடைக்காம்பால் அவன் விரல்களில் அடித்தேன். அவன் கத்திக்கொண்டு கையை எடுத்தான். இராசு அழுதுகொண்டே மிதித்தான், ஆனால் மிதித்தான். ஒழுங்கை முடிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

இவ்வளவுதான் இல்லை. பொழுதுபடுகிற நேரம் நாலைந்து பேர் வந்து, நாளைக்கும் ஏறி ஓடினால் வீட்டைக் கொளுத்துவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். செய்யக்கூடியவர்கள்தான்.

முதுகு வீங்கியிருக்கிறது. சாய முடியாமல் இருந்து யோசிக்கிறேன். நீங்கள் இறங்கியது பயத்தாலா, இந்த வீட்டையும் என்னையும் நினைத்தா? என்னை நினைத்துத்தான் என்றால், என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே. நான் கல்லுக்குப் பயந்தவள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

இராசு விடிய வேலைக்குப் போகவேண்டும். வேறு வழியால் சுற்றிப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் தனியாகப் போகமாட்டான். கரியரில் நான் இருப்பேன். நாளைக்கு மட்டுமல்ல, அவர்கள் கத்திக் களைக்கும்வரை இருப்பேன். உங்கள் சைக்கிளை இனி எவருக்காகவும் எவரும் உருட்டிப் போக நான் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் தருகிறேன்.

உங்களோடு சண்டை இன்னும் முடியாத
உங்கள் பெண்சாதி,
பாக்கியம்